எழுதுவதற்கு முன்பு நடக்கும் பாடம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளோடு அங்கன்வாடியில் பணியாற்றுபவள் என்ற முறையில், அங்கே ஒரு முற்பகலில் உண்மையில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அங்கன்வாடிகள் இயங்கும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982இல் சத்துணவுத் திட்டமும் வந்து சேர்ந்ததால், எங்கள் மையங்கள் சோறு போடும் இடம் என்றே ஊர்ப்பேச்சில் நிலைத்துவிட்டன. அதில் எனக்கு வருத்தமில்லை. பசித்த பிள்ளைக்குப் பாட்டு ஏறாது. ஆனால் குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. அறிந்தவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “சேர்த்து மூணு மாசம் ஆச்சு டீச்சர், இன்னும் ‘அ’ எழுத வரலையே?”

இந்தக் கேள்விக்கு விடை குழந்தையின் கையில் இருக்கிறது. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத்தான் எலும்பாக இறுகுகின்றன. விரல்களின் தசைகளும் அந்த வயதில் வலுப்பெற்றிருப்பதில்லை. அத்தகைய கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுத வைத்தால், பிள்ளை எழுத்தைக் கற்பதற்கு முன் எழுத்தின்மீது வெறுப்பைக் கற்றுக்கொள்கிறது. ஆகவேதான் களிமண் பிசையவும், காகிதம் கிழித்து ஒட்டவும், மணி கோக்கவும், பயறையும் கடலையையும் தனித்தனியாகப் பிரிக்கவும் சொல்கிறோம். வாசலில் நின்று பார்ப்பவருக்கு இது விளையாட்டு. பிள்ளையின் கைக்கு இதுதான் எழுத்துப் பயிற்சி. நம் திண்ணைப் பள்ளிகளில் முதலில் மணலில்தான் விரலால் எழுதினார்கள். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி உணரச் செய்யும் முறையை வகுத்தவர்.

எண்ணும் அப்படித்தான், இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று முதல் இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் நான்கு வயதுப் பிள்ளையின் முன்னால் ஏழு புளியங்கொட்டைகளை வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு கொட்டையை இருமுறை தொடும், ஒன்றைத் தாண்டிப் போகும், எட்டு என்றோ ஒன்பது என்றோ முடிக்கும். வாய் ஒப்பித்த வரிசையும் விரல் தொட்ட பொருளும் இன்னும் இணையவில்லை என்பது இதன் பொருள். அந்த இணைப்பு கரும்பலகையில் நிகழ்வதில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு தட்டு வைக்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுக்கிறோம். வரிசையின் கடைசியில் ஒருவனுக்குத் தட்டு இல்லாமல் போகிறது. “இன்னும் ஒண்ணு வேணும்” என்று அந்தப் பிள்ளை தானாகச் சொல்லும் வேளையில் கூட்டல் கணக்கு பிறந்துவிடுகிறது. அவசரப்பட்டு நான் தட்டை எடுத்துக் கொடுத்துவிட்டால், அந்தப் பாடம் அன்றைக்கு நடக்காமல் போய்விடும். காத்திருப்பது இந்தப் பணியின் கடினமான பகுதி. பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்க, எடை பார்த்தலும் கைபேசிச் செயலியில் விவரங்களைப் பதிவதும் ஒருபுறம் அழைக்க, ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்க நேரம் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது எளிய வேலை என்று நினைப்பவர்கள் அந்த அறையில் ஒரு மணி நேரம் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வயதுக் குழந்தை ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாயப்பயம்’ என்று சொன்னால் கவலைப்பட வேண்டியதில்லை. ழகரமும் றகரமும் பிந்தித்தான் நாவுக்கு வசப்படும். திருத்தி அழ வைக்காமல், நாம் சரியாகச் சொல்லிக் காட்டினால் போதும். ஆனால் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை, இரண்டு வயது கடந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளை ஆகியோரைக் கவனிக்காமல் விடக்கூடாது. “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு” என்று பாட்டிமார் அன்போடு சொல்வது, சிகிச்சைக்கு உரிய காலத்தைத் தள்ளிப்போட்டுவிடுகிறது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வருகிறார்கள். குறை தென்பட்டால் மேல்சிகிச்சைக்கு மாவட்ட அளவிலான மையத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த நாளில் திருவிழா, விருந்து என்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாமல், உங்களுக்கு இருக்கும் ஐயத்தையும் டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்பி வையுங்கள்.