மொய் நோட்டில் எழுதாத வரி

அவையோருக்கு வணக்கம்.

மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் போகும்போது யானைமலை படுத்த யானையாகவே தெரியும். ஒத்தக்கடையில் இறங்கி அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள், வெறும் பாறை. அந்தப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கிய சமணர்களுக்கு அநேகாந்தவாதம் என்றொரு கொள்கை உண்டு. எதற்கும் பல பக்கம் இருக்கிறது, ஒரு பக்கத்தைச் சொல்பவன் 'ஒருவகையில்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பார்கள்.

நம் வீட்டுக்கு வருவோம். மொய் நோட்டில் என்ன இருக்கும்? ஊர், பேர், தொகை. சித்தப்பா பேருக்கு நேரே 501. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் செய்தது 2001. அன்றைக்குச் சாப்பிடாமலும் கிளம்பிவிட்டார். உடனே மனசு எழுதிக்கொள்கிறது: 'வேணும்னே குறைச்சாரு, நம்மள மதிக்கல.' பல வருஷம் கழித்துக் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கலாமா என்ற பேச்சு வந்தால், நாம் புரட்டுவது நோட்டில் இல்லாத இந்த வரியைத்தான். அதை எழுதியது சித்தப்பா இல்லை.

ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். முதல் மடிப்பில் கல்யாண வீடியோவில் பதிவாகக்கூடியது மட்டும். இரண்டாவதில் அதற்கு நான் வைத்த அர்த்தம். மூன்றாவதில் அதே நடப்புக்கு வேறு காரணங்கள், குறைந்தது மூன்று: ஆஸ்பத்திரிச் செலவு, உசிலம்பட்டிக்குக் கடைசி பஸ், நோட்டு எழுதியவர் கைத்தவறு. எது உண்மை என்று தெரியவேண்டியதில்லை. 'மதிக்கல' என்பது நாலில் ஒன்றாகிவிடும்.

பெரும்பாலும் தவறுவது முதல் மடிப்பில். 'முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனாரு' என்று எழுதுவோம். வீடியோவில் அப்படி இருக்காது. 'சாப்பிடாமல் வாசல் பக்கம் போனார்', அவ்வளவுதான். கோபம் சூடாக இருக்கும்போது எழுதினால் மூன்றாவது மடிப்பில் நக்கல்தான் வரும், மறுநாள் காலையில் எழுதுங்கள். கேட்பதென்றால் முதல் மடிப்பை வைத்தே கேளுங்கள்: "சித்தப்பா, அன்னைக்குச் சாப்பிடாமக் கிளம்பிட்டீகளே, என்னாச்சு?"

ஏன் இவ்வளவு பாடு? 1960-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, இதன் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு மூன்று எண்களைச் சொன்னால், விதிக்குப் பொருந்துமா இல்லையா என்று சொல்வார். பலரும் 8, 10, 12 போலத் தங்கள் ஊகத்துக்கு ஒத்துவரும் எண்களையே சொல்லிப் பார்த்தார்கள். விதியோ, ஏறுவரிசை எண்கள், அவ்வளவே. 1, 7, 50 சொல்லியிருந்தாலும் சரிதான். நாமும் சித்தப்பா பேசாமல் இருந்த நாளையெல்லாம் எண்ணுவோம். துட்டி வீட்டில் ராத்திரி முழுக்கக் கூட உட்கார்ந்திருந்தது கணக்கில் வராது. ஒத்துவராத அப்படி ஒரு சம்பவத்தையும் தேடி மூன்றாவது மடிப்பில் எழுதுங்கள்.

இதைப் 'பொறுத்துப் போ' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்கிய கடனைத் திருப்பவில்லை என்றால் அது முதல் மடிப்பு, காசைக் கேட்டு வாங்குங்கள். 'அவன் குடும்பமே அப்படித்தான்' என்பதுதான் இரண்டாவது.

இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் மோசம். 'அந்த ஊர்க்காரன்னாலே...', 'அந்தச் சாதின்னாலே...' என்று தாத்தா காலத்திலிருந்து வருவது. எழுதிப் பாருங்கள், இரண்டாவது மடிப்பு நிரம்பி வழியும், முதல் மடிப்பு காலியாகக் கிடக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் என்ன நடந்தது, எந்த வருஷம், பார்த்தது யார் என்று கேளுங்கள். 'எல்லாரும் சொல்வாக' என்று பதில் வந்தால், அந்த மடிப்பை அப்படியே காலியாக விட்டுப் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.