முகமூடியோடு சட்டமன்றம் போனவர்: தி கிரேட் சசுகே

(திரையில்: டோக்கியோ, ரியோகோகு சுமோ அரங்கம், 1994 ஏப்ரல் 16)

முதலில் இந்த ஒரு நிமிடத்தைப் பாருங்கள். சூப்பர் ஜே-கப் மல்யுத்தப் போட்டியின் அரையிறுதி. ஒரு பக்கம் நாடறிந்த ஜூஷின் லைகர். எதிரே, வடக்கிலிருந்து வந்த ஒரு சின்னக் கம்பெனியின் முதலாளி, தி கிரேட் சசுகே.

சசுகே கயிற்றின் மேல் தாவி ஏறுகிறார். கால் வழுக்குகிறது. பொத்தென்று ரிங்குக்குள் விழுகிறார். லைகர் நின்று, கைதட்டிக் கிண்டல் செய்கிறார். அவ்வளவுதான், சசுகே எழுந்து பாய்ந்து, கால்களால் அவர் தலையைப் பின்னிப் புரட்டிப் போட்டு அமுக்குகிறார். ஒன்று, இரண்டு, மூன்று!

இறுதிப் போட்டியில் தோற்றுப்போனார். ஆனாலும் ரசிகர்கள் இன்றும் பேசுவது அந்த வழுக்கலைப் பற்றித்தான்.

(திரையில்: ஜப்பான் வரைபடம், வடகிழக்கில் இவாதே)

இவருடைய இயற்பெயர் மசனோரி முரகாவா. 1969-ல் இவாதே மாகாணத்தின் மொரியோகாவில் பிறந்தவர். பெரிய ரெஸ்லிங் கம்பெனிகள் டோக்கியோவில் இருந்த காலத்தில், இவர் சொந்த ஊர்ப் பக்கமே மிச்சினோக்கு புரோ ரெஸ்லிங்கைத் தொடங்கினார். முதல் நிகழ்ச்சி 1993-ல். மிச்சினோக்கு என்பது அந்த வடகிழக்குச் சீமையின் பழைய பெயர். பின்னாளில் அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூ டபிள்யூ எஃப்பில் சாம்பியனான தாகா மிச்சினோக்கு இங்கே வளர்ந்தவர்தான். பெயரிலேயே ஊர் இருக்கிறது பாருங்கள்.

1996 ஆகஸ்ட். எட்டு சாம்பியன் பட்டங்களை ஒன்றாகச் சேர்த்து ஜே-கிரவுன் என்று ஒரு போட்டி. இறுதியில் அல்டிமோ டிராகனோடு மோதும்போது, ரிங்குக்கு வெளியே பாய்ந்த சசுகேவின் தலை தரையில் மோதியது. மண்டையோட்டில் விரிசல். அப்படியும் ஜெயித்தார். இதை வீரம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை, பார்க்கவே பதறுகிறது. ஆனால் இவர் எதையும் பாதியில் விடாதவர் என்பது அன்றைக்கே தெரிந்தது.

சரி, அந்த முகமூடிக்கு வருவோம்.

(திரையில்: இவாதே மாகாணச் சட்டமன்றம், 2003)

2003 ஏப்ரலில் மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் நின்று ஜெயித்தார். பிரசாரம் முழுக்க முகமூடியோடுதான். சபைக்கும் அப்படியே வந்தார். சக உறுப்பினர்கள் சிலர், கழற்றச் சொல்லி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மக்கள் இந்த முகத்துக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள் என்பது அவர் வாதம். கடைசிவரை கழற்றவில்லை.

பலர் இதை விளம்பரம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சசுகே மெக்சிகோவில் சண்டை போட்டுப் பழகியவர். அங்கே மல்யுத்த வீரனுக்கு முகமூடிதான் முகம். அதைப் பறிகொடுப்பதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. ஊர்ப் பள்ளிக்கூட ஜிம்களில் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த முகமும் அதுதான். அதைக் கழற்றிவிட்டுப் போனால், சபையில் உட்கார்ந்திருப்பது அவர்கள் அறியாத யாரோ ஒரு முரகாவா.

2007-ல் ஆளுநர் தேர்தலிலும் நின்றார். தோற்றார். அப்புறம்?

(திரையில்: ரிங்கின் நடுவே ஓர் ஏணி)

அப்புறம் என்ன, மறுபடி ரிங்தான். ஐம்பது வயது தாண்டியும் ஏணி மேல் ஏறினார், அதே முகமூடியோடு.