ஒன்பது துண்டு மூன்று முழு வயலாச்சு, மக்களே!

வணக்கம் மக்களே! நேற்று நம்ம கடைமடை வயலில் அறுவடை. பெல்ட் வண்டி இறங்கி 40 நிமிடத்தில் கரையேறிவிட்டது! மணிக்கு 2,400 ரூபாய் வாடகை, 1,600தான் கொடுத்தேன். போன வருட வீடியோ ஞாபகம் இருக்கிறதா? மூன்று இடத்தில் இறக்கி ஏற்றி 3,200 ஆனது. இந்த வயலில் அப்போது நம் பங்கு 24 அடி அகலம். வண்டி திரும்பும்போதெல்லாம் வரப்போரக் கதிர் மிதிபடும், பக்கத்துப் பங்கிலும் ஏறிவிடும். இப்போது 72 அடி. இதோ, குறுக்கு வரப்பு இருந்த இடம். நானே மண்வெட்டியால் வெட்டினேன்.

தாத்தா நிலம் மொத்தம் 1 ஏக்கர் 80 சென்ட். தலைமடை 54, நடுமடை 60, கடைமடை 66. அவருக்குப் பிறகு பெரியப்பா, அப்பா, அத்தை மூவரும் ஒவ்வொரு வயலையும் மூன்றாகக் கயிறு பிடித்துப் பிரித்துக்கொண்டார்கள். தண்ணீரில் யாருக்கும் குறை வரக்கூடாது என்றுதான். நியாயம்தான், ஆனால் 9 துண்டு! அதுவும் வாய்ப்பேச்சுதான், பட்டா கூட்டுப் பட்டாவாகவே கிடந்தது.

அந்தக் கூட்டுப் பட்டாவை எத்தனை வீடியோவில் திட்டியிருப்பேன்! எதற்குப் போனாலும் எல்லார் கையெழுத்தும் வேண்டும். ஆனால் இந்தத் தடவை அதுதான் காப்பாற்றியது. ஒன்பதும் தனித்தனிப் பட்டாவாகியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் பரிவர்த்தனைப் பத்திரம், அதாவது நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ளும் பத்திரம், போட அலைந்திருப்போம். இப்போது ஒரே பாகப்பிரிவினைப் பத்திரம், ஆளுக்கொரு முழு வயல். தலைமடை அத்தைக்கு, நடுமடை பெரியப்பா வீட்டுக்கு. கடைமடைக்குத் தண்ணீர் பிந்தி வரும், அதற்கு ஈடாக எங்களுக்கு அத்தையைவிட 12 சென்ட் கூடுதல்.

சொல்ல மறந்துவிட்டேன், பெரியப்பா இப்போது இல்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். சின்ன அண்ணன் சிங்கப்பூரில், அவர் சார்பில் இங்கே கையெழுத்துப் போட அவரிடமிருந்து பவர் பத்திரம் வரவேண்டும். வந்தது, இன்ஷியல் தப்பு! ஒரே ஓர் எழுத்துக்காக அவர் மறுபடி லீவு போட்டு, கையெழுத்துப் போட்டு, கூரியர் அனுப்பி, 7 வாரம் போனது. தயவுசெய்து பட்டாவையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டைப் அடிக்கச் சொல்லுங்கள்.

பஞ்சாபில் 1948லும் உத்தரப் பிரதேசத்தில் 1953லும் சட்டம் போட்டு, அரசே துண்டு நிலங்களைச் சேர்த்துக் கொடுத்தது. இங்கே நாமேதான் உட்கார்ந்து பேச வேண்டும். பேசுங்கள் மக்களே, முக்கியமாக உட்பிரிவுக்கு, அதாவது ஒரு சர்வே எண்ணை அளந்து துண்டாக்குவதற்கு, மனு கொடுப்பதற்கு முன்னால்.

அப்புறம், எந்த சர்வே எண்ணையும் துண்டாக்காமல் முழுப்புலமாகப் பிரித்ததால் எங்களுக்கு உட்பிரிவே தேவைப்படவில்லை, சர்வேயருக்காகக் காத்திருக்கவும் இல்லை. அத்தை பெயரில் தனிப்பட்டா நேற்றே வந்துவிட்டது. அத்தைக்கு இன்னும் தெரியாது, பிரிண்ட் எடுத்துக்கொண்டு இப்போது அவர் வீட்டுக்குத்தான் போகிறேன்.