வீட்ல எல்லாம் தெரியுது, பரீட்சை ஹால்ல ஏன் மறக்குது?

வணக்கம். இன்னைக்கு முதல் சந்தேகம் பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரு மாணவி அனுப்பினது. அப்படியே வாசிச்சிடறேன். "தினமும் 4 மணி நேரம் படிக்கிறேன். ஒவ்வொரு பாடத்தையும் மூணு தடவை வாசிப்பேன். முக்கியமான வரியெல்லாம் ஹைலைட்டர் போட்டு வெச்சிருக்கேன். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி புரட்டிப் பார்த்தா எல்லாமே தெரிஞ்ச மாதிரி இருக்கு. கேள்வித்தாளைக் கையில வாங்கினதும் பாதி மறந்துபோகுது. மார்க் 60-ஐத் தாண்ட மாட்டேங்குது. 6 மணி நேரமா ஏத்தினா சரியாகுமா? விடியக்காலையில எந்திரிச்சுப் படிக்கிறது நல்லதா, ராத்திரியா?"

6 மணி நேரம் வேண்டாம்மா. இப்ப படிக்கிற 4 மணி நேரத்தையே கொஞ்சம் குறைச்சுக்கலாம், அதை அப்புறம் சொல்றேன். ஞாபக சக்தி கம்மின்னு பயப்படவும் வேண்டாம். நீங்க எழுதினதுலயே காரணம் இருக்கு. "தெரிஞ்ச மாதிரி இருக்கு"ன்னு எழுதியிருக்கீங்க இல்லையா, அதுதான்.

தெருவுல ஒருத்தர் எதிர்ல வர்றார். பார்த்த முகம்னு உடனே தெரியுது. பேர் என்னன்னு கேட்டா வாயில வரலை. ஒரு முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுக்கிறது ஒரு வேலை, பேரை ஞாபகத்துல இருந்து எடுத்துச் சொல்றது வேற வேலை. மூணாவது தடவை வாசிக்கும்போது கண்ணுக்கு முன்னாடி வரி இருக்கு, மூளைக்கு அடையாளம் கண்டுக்கிற வேலை மட்டும்தான். பரீட்சை ஹால்ல வரி இருக்காது, கேள்வி மட்டும்தான் இருக்கும். அங்க வேணுங்கிற அந்த எடுக்கிற வேலையை வீட்ல ஒரு நாள்கூட பழகலைன்னா அன்னைக்கு மட்டும் எப்படி வரும்?

இதைச் சோதிச்சே பார்த்திருக்காங்க. அமெரிக்காவுல ரோடிகர், கார்ப்பிக்குன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களுக்கு ரெண்டு சின்னப் பகுதிகளை வாசிக்கக் கொடுத்தாங்க. ஒண்ணை மறுபடி வாசிக்கச் சொன்னாங்க, இன்னொண்ணைப் பார்க்காம நினைவுபடுத்தி எழுதச் சொன்னாங்க. 5 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சப்ப மறுபடி வாசிச்சதுதான் முன்னாடி, 81-க்கு 75. ஒரு வாரம் கழிச்சு வெச்சப்ப அப்படியே தலைகீழ். மறுபடி வாசிச்சது 42 சதவீதம்தான் ஞாபகம் இருந்தது, எழுதிப் பார்த்தது 56 சதவீதம். உங்களுக்கு முதல் நாள் ராத்திரி எல்லாம் தெரிஞ்ச மாதிரி தோணுது பாருங்க, அது அந்த 5 நிமிஷக் கணக்கு.

சரி, எப்படிப் படிக்கணும்? ஒரு பாடத்தை முழுசா எடுக்காதீங்க. ஒரு உபதலைப்பு, ரெண்டு மூணு பக்கம், அவ்வளவு போதும். வாசிக்கிறதுக்கு முன்னாடி தலைப்பைக் கேள்வியா மாத்திக்கோங்க. அப்புறம் 15 நிமிஷம் நிதானமா ஒரே ஒரு தடவை, புரிஞ்சு வாசிங்க. புரியாத இடத்துல நில்லுங்க, தாண்டிப் போகாதீங்க. முடிச்சதும் புத்தகத்தை மூடி, கை எட்டாத இடத்துல வெச்சிடுங்க. ஒரு வெள்ளைத் தாள்ல ஞாபகம் வர்றதையெல்லாம் 7, 8 நிமிஷம் எழுதுங்க. அழகா வாக்கியமா வேண்டாம், துண்டு துண்டா இருக்கட்டும். படம் இருந்தா படம் போடுங்க. அப்புறம் புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால விட்டதைச் சேருங்க, தப்பைத் திருத்துங்க. அந்தச் சிவப்பு விழுந்த இடத்தை மட்டும் மறுபடி வாசிங்க. மொத்தம் அரை மணி நேரம்.

இதுல எங்க தப்பு நடக்கும்னா, ஞாபகம் வரலைன்னதும் பத்தே செகண்ட்ல புத்தகத்தைத் திறந்துடுவோம். ஒரு நிமிஷமாவது தேடுங்க. "என்னவோ தண்ணின்னு வந்துச்சே, படத்துல இடது பக்கம் இருந்துச்சே"ன்னு தடுமாறுறீங்க பாருங்க, ஞாபகத்தை உறுதியாக்குறது அந்தத் தடுமாற்றம்தான். இன்னொரு தப்பு, "மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டேன், வருது"ன்னு எழுதாம விடறது. மனசுக்குள்ள பாதி வாக்கியம் வந்தாலே முழுசா வந்த மாதிரி இருக்கும், தாள்ல எழுதும்போதுதான் ஓட்டை தெரியும். அதைவிட மோசம், எழுதிட்டுச் சரிபார்க்காம விடறது. தப்பா எழுதினது தப்பாவே ஊறிப்போயிடும்.

கேள்வி எப்படி எழுப்பறதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன். ஒளிச்சேர்க்கை படிக்கிறீங்க. "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?"ங்கிற ஒரு கேள்வியோட நிறுத்திட்டா அந்தப் பாடம் கையில நிக்காது. "வெளியில வர்ற ஆக்சிஜன் எதுல இருந்து வருது, கார்பன் டை ஆக்சைடுல இருந்தா, தண்ணியில இருந்தா?"ன்னு கேளுங்க. தண்ணியில இருந்து. அப்ப கார்பன் டை ஆக்சைடு என்ன ஆகுது? அது சர்க்கரைக்குள்ள போகுது. வெளிச்சம் வேணுங்கிற பகுதி பசுங்கணிகத்துல எங்க நடக்குது? கிரானாவுல. சர்க்கரை தயாராகிற பகுதி? ஸ்ட்ரோமாவுல. என்ன, ஏன், எங்க, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், இதை எடுத்துட்டா என்ன ஆகும்னு அஞ்சு விதமா ஒரே பத்தியைக் கேட்டுப் பாருங்க. கேள்வித்தாள்ல எப்படிச் சுத்தி வளைச்சுக் கேட்டாலும் இந்த அஞ்சுல ஒண்ணுக்குள்ள பெரும்பாலும் வந்துடும்.

அடுத்தது மறதி. இன்னைக்கு நல்லா எழுதிப் பார்த்தாச்சு, ஆனா ஒரு மாசம் கழிச்சுதானே பரீட்சை? ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் அறிஞர், அர்த்தமே இல்லாத எழுத்துக்கூட்டங்களை மனப்பாடம் பண்ணி, எவ்வளவு மறக்குதுன்னு தன்னை வெச்சே அளந்து 1885-ல வெளியிட்டார். முதல் ஒரு நாள்ல மறதி வேகமா நடக்குது, அப்புறம் மெதுவாகுதுன்னு அதுல தெரிஞ்சது. அதனால மறுபடி பார்க்கிறதை இடைவெளி விட்டுப் பரப்பி வைக்கணும். படிச்ச மறுநாள் ஒரு தடவை, மூணாம் நாள் ஒரு தடவை, ஒரு வாரத்துல ஒரு தடவை, மூணு வாரத்துல ஒரு தடவை. ஒவ்வொண்ணும் 10 நிமிஷம் போதும். மறுபடியும் சொல்றேன், வாசிக்கிறதுக்கு இல்லம்மா இந்த 10 நிமிஷம். மூடின புத்தகம், வெள்ளைத் தாள், அப்புறம் சிவப்புப் பேனா.

நாலு தேதியையும் பாடத்தோட முதல் பக்கத்துல பென்சிலால அன்னைக்கே எழுதிடுங்க. எழுதாம ஞாபகத்துல வெச்சுக்கலாம்னு விட்டா ரெண்டாவது வாரமே விட்டுப்போயிடும். ஒரு நாள் தவறிடுச்சுன்னா அடுத்த நாள் பண்ணுங்க, முழுத் திட்டத்தையும் கலைக்காதீங்க.

வருஷம், வரையறை, ஃபார்முலா, அறிவியல் பேர், அயல்மொழிச் சொல் இதுக்கெல்லாம் அட்டை முறை நல்லா வேலை செய்யும். செபாஸ்டியன் லைட்னர்ங்கிறவர் 1972-ல பிரபலப்படுத்தின முறை. உள்ளங்கை அளவு அட்டை, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். ஒரு பெட்டியில அறை அறையாப் பிரிச்சுக்கோங்க, மூணு அறை போதும். புது அட்டை முதல் அறையில. அதைத் தினமும் பாருங்க. சரியாச் சொன்னா ரெண்டாவது அறைக்குப் போகும், அது மூணு நாளைக்கு ஒரு தடவை. அங்கயும் சரின்னா மூணாவது, வாரம் ஒரு தடவை. எந்த அறையில தப்பு விட்டாலும் அட்டை முதல் அறைக்குத் திரும்பி வரணும். ஒரு அட்டையில ஒரே ஒரு விஷயம்தான் எழுதணும். நிறைய பேர் அரைப் பக்கப் பதிலை ஒரு அட்டையில திணிச்சுடறாங்க. பாதி சரி பாதி தப்புன்னா அதை எந்த அறையில போடுவீங்க? அட்டை செய்யறதுலயே மூணு நாள் போயிடக் கூடாது, அன்னைக்குப் படிச்சதுல இருந்து 8, 10 அட்டை போதும்.

கணக்குக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது, அங்க சிக்கல் வேற. தீர்வைப் பார்த்துக்கிட்டே போட்டா ஒவ்வொரு ஸ்டெப்பும் நியாயமாத்தான் தெரியும். முதல் ஸ்டெப்பை எடுத்து வைக்கிறதுலதானே கஷ்டமே இருக்கு? எடுத்துக்காட்டுக் கணக்கை ஒரு தடவை புரிஞ்சு பார்த்துட்டு, மூடிட்டு, அதே கணக்கை நீங்களாப் போடுங்க. அதுல ஜெயிச்சப்புறம் பயிற்சிக்குப் போங்க.

இன்னொண்ணு, பெரும்பாலும் யாரும் கவனிக்காதது. பயிற்சியில 20 கணக்கும் உருளையோட கனஅளவுன்னா, மூணாவது கணக்குல இருந்து நீங்க கேள்வியைச் சரியா வாசிக்கவே மாட்டீங்க. பை ஆர் ஸ்கொயர் ஹெச்னு கை தானாப் போடும். பரீட்சையில உருளை, கூம்பு, கோளம் கலந்து வரும், கனஅளவா புறப்பரப்பான்னும் நீங்கதான் கண்டுபிடிக்கணும். எந்த ஃபார்முலான்னு தேர்ந்தெடுக்கிற பழக்கமே இல்லாம போயிருப்பீங்க. ரோரர், டெய்லர்ங்கிற ஆய்வாளர்கள் 2007-ல இதே மாதிரி கனஅளவுக் கணக்குகளை வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரே வகையா அடுக்கிப் போட்டவங்க பயிற்சி நேரத்துல 89 சதவீதம் சரியாப் போட்டாங்க, கலந்து போட்டவங்க 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட்ல? அடுக்கிப் போட்டவங்க 20, கலந்து போட்டவங்க 63. அதனால ஒரு வகையை நாலஞ்சு கணக்குல புரிஞ்சுக்கிட்டதும், பழைய மூணு பாடத்துல இருந்து ரெண்டு ரெண்டு எடுத்துக் கலந்து போடுங்க. தப்பு அதிகமாத்தான் வரும். விட்டுடாதீங்க.

மார்க் 60-லயே நிக்குதுன்னு சொன்னீங்க. போன மூணு பரீட்சையோட விடைத்தாளை எடுத்து வெச்சுக்கோங்க. போன மார்க் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஏன் போச்சுன்னு எழுதுங்க. ஒண்ணு, பதிலே தெரியலை. ரெண்டு, தெரியும், ஆனா கூட்டல் கழித்தல் தப்பு, அலகு எழுதலை, படத்துல பாகம் குறிக்கலை. மூணு, கேள்வியைத் தப்பா வாசிச்சது, "வேறுபடுத்துக"ன்னு கேட்டதுக்கு ரெண்டு வரையறை எழுதி வெச்சது. நாலு, நேரம் போதாம விட்டது. ஒவ்வொண்ணுலயும் எத்தனை மார்க்னு கூட்டுங்க. தெரியாம போனது 15 மார்க்தான், மத்த 25 வேற காரணம்னு வந்தா, பாடத்தை இன்னும் பத்துத் தடவை படிச்சாலும் அந்த 25 திரும்பி வராது. ரெண்டாவது வகைக்குக் கடைசி 15 நிமிஷச் சரிபார்ப்பு. மூணாவதுக்குக் கேள்வியோட வினைச்சொல்லை அடிக்கோடு போட்டுட்டு எழுத ஆரம்பிக்கிறது. நாலாவதுக்கு வீட்ல கடிகாரம் வெச்சுப் பழைய கேள்வித்தாளை எழுதிப் பார்க்கிறதைத் தவிர வழியே கிடையாது.

நேரக் கணக்கு சுலபம். 3 மணி நேரம், 100 மார்க்னு வெச்சுக்கோங்க. 180 நிமிஷத்துல 15-ஐச் சரிபார்க்க எடுத்து வெச்சா மிச்சம் 165. ஒரு மார்க்குக்கு ஒன்றரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. 5 மார்க் கேள்விக்கு 8 நிமிஷம், 2 மார்க்குக்கு 3 நிமிஷம். உங்க பரீட்சை வேற அளவுன்னா இதே மாதிரி வகுத்துக்கோங்க. தெரிஞ்ச 5 மார்க் கேள்விக்கு ஆசையா ரெண்டரைப் பக்கம் எழுதி 20 நிமிஷம் செலவழிச்சா, கடைசியில ரெண்டு கேள்வியைத் தொடவே நேரம் இருக்காது.

விடியக்காலையா ராத்திரியான்னு கேட்டிருந்தீங்க. எந்த நேரத்துல தூக்கம் வராம உட்கார முடியுதோ அந்த நேரம். ஆனா தூக்கத்தை வெட்டிப் படிக்கக் கூடாது. 13-லிருந்து 18 வயசு வரைக்கும் 8-லிருந்து 10 மணி நேரத் தூக்கம் வேணும்னு தூக்க மருத்துவர்கள் சொல்றாங்க. பகல்ல படிச்சது ஞாபகத்துல உறையறதுக்கும் அந்தத் தூக்கம் வேணும். 11 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எந்திரிச்சா 5 மணி நேரம்தான், முந்தின நாள் உழைப்பையே நீங்க பாதியில நிறுத்தின மாதிரி.

பள்ளிக்கூடம் இருக்கிற நாள்ல 40 நிமிஷமா மூணு தடவை உட்காருங்க, நடுவுல 10 நிமிஷம் இடைவெளி. கஷ்டமான பாடம் முதல்ல. ரெண்டு மணி 20 நிமிஷத்துல முடிஞ்சுடும். இடைவெளியில நடங்க, தண்ணி குடிங்க, செல்போனை எடுக்காதீங்க. 10 நிமிஷம்னு எடுத்தது 40 நிமிஷமாகும்ங்கிறது ஒரு பக்கம், திரும்பி வந்து உட்கார்ந்தா மனசு பாடத்துல ஒட்டாது. சைலன்ட்ல போட்டு மேஜையில வைக்கிறதும் போதாது, பக்கத்து ரூம்ல இருக்கட்டும். ஹைலைட்டர் வேணும்னா வெச்சுக்கோங்க, ஆனா சிவப்புப் பேனா விழுந்த இடத்துல மட்டும் போடுங்க. அப்ப பரீட்சைக்கு முன்னாடி எங்க பார்க்கணும்னு அது காட்டும்.

முதல் வாரம் ரொம்ப மனசு சோர்ந்துபோகும், அதை இப்பவே சொல்லிடறேன். மூணு தடவை வாசிச்சப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்தது, இப்ப வெள்ளைத் தாள்ல பாதிகூட வராது. "பழைய முறையே பரவாயில்லை"ன்னு தோணும். அந்தத் தாள்களைக் கிழிச்சுப் போடாதீங்க, தேதி போட்டு வைங்க. மூணாவது வாரம் அதே பாடத்தை எழுதும்போது பழைய தாளைப் பக்கத்துல வெச்சு, சிவப்பு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க. குறையலைன்னா அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கம்மா, எங்க சிக்குதுன்னு பார்த்துச் சொல்றேன். அடுத்த சந்தேகத்துக்குப் போகலாம்.