கொடுத்த வாக்கும் அளித்த வாக்கும்

(வேலூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. அன்று காலையில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை நினைவுக்குக் கொண்டுவர வேண்டுகிறேன். நம்மில் பலர் வாக்காளர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல்களில் வரிசையில் நின்றிருந்தோம். ஏப்ரல் 18 அன்று நடந்திருக்க வேண்டிய நம் வேலூர்த் தொகுதியின் மக்களவைத் தேர்தல், பெருந்தொகை கைப்பற்றப்பட்டதைக் காரணம் காட்டி, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்து செய்யப்பட்டு, அந்தத் திங்கட்கிழமைதான் நடந்தது. நாம் விரலில் மையுடன் வீடு திரும்பிய அதே நாளில், ஜம்மு காஷ்மீரை இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கும் மசோதா மாநிலங்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. மறுநாள் மக்களவையில் 370 பேர் ஆதரித்தும் 70 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, அங்கும் நிறைவேறியது. அத்துடன் அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. நம் வாக்குகள் எண்ணப்பட்டதோ ஆகஸ்ட் 9 அன்று. 8,141 வாக்கு வித்தியாசத்தில் நமக்கு ஓர் உறுப்பினர் கிடைத்தபோது, அந்தக் கூட்டத்தொடரே முடிந்துபோயிருந்தது.

ஜூன் 17 அன்று தொடங்கிய அந்தக் கூட்டத்தொடரில் நடந்தவை சிறிய காரியங்கள் அல்ல. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட முத்தலாக் மசோதா ஜூலை 25 அன்று 303-க்கு 82 என்ற கணக்கில் மக்களவையில் நிறைவேறியது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமும், மோட்டார் வாகனச் சட்டமும் அதே தொடரில்தான் திருத்தப்பட்டன. இவற்றில் எதை எடுத்துப் பார்த்தாலும் வேலூர் ஆதரித்ததாகவும் குறிப்பு இல்லை; எதிர்த்ததாகவும் இல்லை. அந்த மசோதாக்களை நான் ஆதரித்தேனா, எதிர்த்தேனா என்பது இன்றைய பேச்சு அன்று. பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழும் ஒரு தொகுதியின் பெயர் எந்தப் பக்கமும் பதிவாகாமல் போனதே என்பதுதான் என் மனத்தை விட்டு நீங்காத வருத்தம்.

குடியாத்தத்துக்காரர்களுக்கும் ஆம்பூர்க்காரர்களுக்கும் இந்த வெறுமை புதிதன்று. 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் 18 சட்டமன்ற உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்தார். அவர்களில் மூவர், அன்றைய வேலூர் மாவட்டத்தின் ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர் தொகுதிகளைச் சேர்ந்தவர்கள். வழக்கு நடந்தது, உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள், மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார், இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18 அன்றுதான் வந்தது. ஏறத்தாழ இருபது மாதங்கள் அந்த மூன்று தொகுதிகளின் சார்பில் பேரவையில் ஒரு கை உயரவில்லை. அந்த ஏப்ரல் 18 அன்று ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் சாவடிக்குப் போனவர்கள் சட்டமன்றத்துக்கு மட்டும் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பினார்கள். மக்களவைக்கு அழுத்த அங்கே இயந்திரம் இல்லை.

இதையெல்லாம் நான் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உறுப்பினர் இல்லாத காலத்தின் இழப்பு நமக்குத் தெரிகிறது. உறுப்பினர் இருக்கும் காலத்தில் அவர் எப்படி வாக்களிக்கிறார் என்பதை நாம் கேட்பதே இல்லை. தமிழில் வாக்கு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கிறோம். மேடையில் அவர் நமக்குக் கொடுப்பதும் வாக்கு. அவையில் அவர் நம் சார்பில் அளிப்பதும் வாக்கு. முதலாவதை ஒலிபெருக்கியில் கேட்கிறோம், சுவரொட்டியில் படிக்கிறோம், இப்போது கைப்பேசியிலும் பார்க்கிறோம். இரண்டாவது எங்கே எழுதப்பட்டிருக்கிறது, எப்போது எழுதப்படாமலே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியும்.

அவையில் ஒரு கேள்வி வாக்குக்கு விடப்படும்போது முதலில் நடப்பது குரல் வாக்கெடுப்பு. ஏற்பவர்கள் ‘ஆம்’ என்றும் மறுப்பவர்கள் ‘இல்லை’ என்றும் குரல் கொடுப்பார்கள். எந்தப் பக்கம் அதிகம் என்று தலைவர் தம் செவியால் முடிவுசெய்து அறிவிப்பார். பெரும்பாலான மசோதாக்கள் இப்படித்தான் நிறைவேறுகின்றன. இதில் எந்த உறுப்பினரின் பெயரும் பதிவாவதில்லை. அந்த முடிவை ஏற்காத ஓர் உறுப்பினர் டிவிஷன், அதாவது எண்ணி முடிவுசெய்யும் வாக்கெடுப்பு, கேட்டால், மக்களவையில் முகப்புக் கூடங்களைக் காலிசெய்யச் சொல்லி, மூன்றரை நிமிடம் கழித்து, அதே கேள்வியை மறுபடியும் வாக்குக்கு விடுவார்கள். அப்போது மேசையில் உள்ள பொத்தானை ஒவ்வொருவரும் அழுத்த வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பது பெயருடன் அச்சாகும். டிவிஷன் தேவையின்றிக் கேட்கப்படுகிறது என்று தலைவர் கருதினால், உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலையெண்ணி முடிக்கவும் விதி இடம் தருகிறது. அப்படிச் செய்தாலும் பெயர்கள் பதிவாகா. அரசமைப்புச் சட்டத் திருத்தத்துக்கு மட்டும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்பதால், அங்கே எண்ணாமல் முடிக்க வழியில்லை.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. கூச்சலுக்கிடையே குரல் வாக்கெடுப்பிலேயே மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேல் விவசாயிகளைத் தெருவில் உட்கார வைத்து, 2021 நவம்பர் 29 அன்று விவாதமின்றித் திரும்பப் பெறப்பட்ட அந்தச் சட்டங்களுக்கு, மாநிலங்களவையில் எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பதை இன்று எவராலும் ஏட்டைப் பிரித்துக் காட்ட முடியாது. அவர்கள் பேசியது இருக்கிறது, வாக்களித்தது இல்லை. இதை நான் ஒரு நடைமுறைக் குறையாக மட்டும் பார்க்கவில்லை. குடிமக்களுக்குச் சேர வேண்டிய ஒரு கணக்கு எழுதப்படாமலே விடப்பட்டது என்றே கருதுகிறேன்.

அடுத்தது வெளிநடப்பு. நம் அரசியலில் வெளிநடப்புக்கு வீரம் என்று ஒரு பெயர் உண்டு. மறுநாள் நாளிதழில் படத்துடன் செய்தி வரும். ஆனால் வாக்கெடுப்பின் கணக்கில் வெளிநடப்புக்கு இடமே இல்லை.

இதற்கு நம் ஊர்த் தொழிலோடு சேர்ந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சரக்கு மற்றும் சேவை வரிக்கான அரசமைப்புத் திருத்தம் 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையிலும் ஆகஸ்ட் 8 அன்று மக்களவையிலும் வாக்குக்கு வந்தது. உற்பத்தி மாநிலமான தமிழ்நாட்டுக்கு வருவாய் இழப்பு நேரும், மாநிலத்தின் வரி உரிமை பறிபோகும் என்று அ.தி.மு.க. கடுமையாக எதிர்த்துப் பேசியது. அந்தப் பேச்சுகள் அவைக்குறிப்பில் இருக்கின்றன, படித்துப் பார்க்கலாம். காரணம் காட்டிப் பேசிய பேச்சுகள்தாம். வாக்கெடுப்பு வந்தபோது அக்கட்சி இரு அவைகளிலும் வெளிநடப்புச் செய்தது. முடிவு: மாநிலங்களவையில் ஆதரவு 203, எதிர்ப்பு 0, மக்களவையில் ஆதரவு 443, எதிர்ப்பு 0. அப்போது வேலூரின் மக்களவை உறுப்பினரும் அக்கட்சியைச் சேர்ந்தவர்தான். 2017 ஜூலை 1 முதல் அந்த வரி நடைமுறைக்கு வந்தபோது பீடிக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டித் தூள் நிரப்பிச் சுற்றும் பெண்களுக்கு அந்த வரியின் சுமை எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களில் ஒருவர், நம் தமிழ்நாடு இதை எதிர்த்ததா என்று கேட்டால், பேச்சில் எதிர்த்தது என்றும், வாக்கில் எதிர்ப்பு பூஜ்யம் என்றும் இரண்டு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்த்து வாக்களித்திருந்தாலும் திருத்தம் நிறைவேறித்தான் இருக்கும் என்பது உண்மை. என்றாலும், வெல்லாத வாக்குக்கும் ஏட்டில் ஓர் இடம் உண்டு; பின்னால் வருகிறவர்கள் அதைக் காட்டி வாதாட முடியும்.

ஒரு கட்சியை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது நேர்மையாகாது. 2012 டிசம்பர் 5 அன்று, சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டை எதிர்க்கும் தீர்மானம் மக்களவையில் வாக்குக்கு வந்தது. அந்த முதலீட்டை எதிர்ப்பதாக வெளிப்படையாக அறிவித்திருந்த தி.மு.க., அரசு கவிழ்ந்துவிடக் கூடாது என்று காரணம் சொல்லி, அரசின் பக்கமே வாக்களித்தது. சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ் ஆகிய கட்சிகள் எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தன. தீர்மானம் 218-க்கு 253 என்ற கணக்கில் தோற்றது. பிறகு 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது அ.தி.மு.க. ஆதரித்து வாக்களித்தது, 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அதே சட்டத்தைத் திரும்பப் பெற மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று வாக்குறுதி தந்தது. மனம் மாறுவது குற்றமன்று. தி.மு.க. 2012-இல் சொன்னதுபோலக் காரணத்தை வாய்விட்டுச் சொல்வது குறைந்தபட்ச மரியாதை. அந்தக் காரணத்தை ஏற்பதும் தள்ளுவதும் நம் உரிமை. வாக்கு ஒரு பக்கமும் வாக்குறுதி மறுபக்கமும் இருக்க, இரண்டுக்கும் இடையில் விளக்கமே இல்லாமல் போவதுதான் எனக்கு உறுத்துகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். உறுப்பினர் என்ன செய்வார், கொறடா உத்தரவு இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். 1985-இல் வந்த 52-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்ந்த பத்தாவது அட்டவணைப்படி, முன் அனுமதியின்றிக் கட்சியின் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ, பதினைந்து நாள்களுக்குள் கட்சி அதை மன்னிக்காவிட்டால், பதவி போகும். ஆனால் இந்தக் கொறடா எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை என்று 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. அரசின் வாழ்வு சாவு அடங்கிய நம்பிக்கை வாக்கெடுப்புகளோடு அதை நிறுத்திக்கொள்ளலாம் என்பது அதன் பரிந்துரை. 1992-இல் கிஹோட்டோ ஹோலோஹான் வழக்கில் அந்த அட்டவணையைச் செல்லும் என்று ஏற்ற உச்ச நீதிமன்றமும், நம்பிக்கை வாக்கெடுப்புக்கும், எந்தக் கொள்கையைச் சொல்லிக் கட்சி மக்களிடம் வாக்குக் கேட்டதோ அதற்கும் உட்பட்டே அந்தத் தண்டனையைப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. நடைமுறை அப்படி இல்லை. நூலகக் கட்டணம் பற்றிய மசோதாவுக்கும் கட்சி சொன்ன பக்கமே கை உயர்கிறது.

2017-இல் நம் பேரவையில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். பிப்ரவரி 18 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில், தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுப்பி எண்ணினார்கள்: ஆதரவு 122, எதிர்ப்பு 11. ஆளும் அ.தி.மு.க.வைச் சேர்ந்தவர்களாக இருந்தும் அவைக்குள் எதிர்த்து வாக்களித்த அந்த 11 பேரின் பதவி நிலைத்தது. ஆகஸ்ட் மாதத்தில் முதலமைச்சருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதே கட்சியின் 18 பேரின் பதவி பறிபோனது. ஆம்பூரும் குடியாத்தமும் சோளிங்கரும் உறுப்பினரை இழந்தது அவையில் அளித்த வாக்குக்காக அன்று, அவைக்கு வெளியே கொடுத்த ஒரு கடிதத்துக்காக. சட்டம் அறிந்தவர்கள் இந்த இரண்டுக்கும் வேறுபாடு சொல்வார்கள். அந்தத் தொகுதிகளில் குடிநீருக்காகக் குடத்துடன் நின்றவர்களுக்கு அந்த வேறுபாடு விளங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

உறுப்பினர்களின் வருகைப்பதிவு, கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை இப்போது எளிதில் கிடைக்கிறது. தேர்தல் காலத்தில் அந்த விழுக்காடுகளைத் துண்டறிக்கையில் அச்சிடுகிறார்கள். பயனுள்ளவைதாம். ஆனால் வருகையைப் பதிவுசெய்தவர் மாலையில் டிவிஷன் நடந்தபோது இருக்கையில் இருந்தார் என்பதற்கு அந்த எண் சான்றாகாது. கேள்வி கேட்டவர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதையும் அது சொல்லாது. பாலாற்றைப் பற்றிக் கேள்வி கேட்பது வேறு; நீரையும் தோல் கழிவையும் பற்றிய சட்டம் வாக்குக்கு வரும்போது உள்ளே இருப்பது வேறு. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கேட்டு வாங்கிய ஊர் இது. நீதிமன்றத்தில் கேட்கத் தெரிந்த நமக்குச் சட்டமியற்றுகிறவரிடம் கேட்கத் தெரியாதா?

கேட்பதற்கு முன் யாரிடம் கேட்பது என்பதைத் தெரிந்துகொள்ளவும் வேண்டும். வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறும் சேர்ந்தது வேலூர் மக்களவைத் தொகுதி. பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் வரும் காட்பாடி, அரக்கோணம் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. காட்பாடியில் வாழும் என் உறவினர் ஒருவர் பல ஆண்டுகளாக வேறு தொகுதி உறுப்பினரைத் திட்டிக்கொண்டிருந்தார். அவரைப் போன்றவர்கள் நிறைய இருப்பார்கள்.

நான் கேட்க விரும்புவது ஒரு பக்கக் கடிதத்தில் அடங்கும். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும், பதினைந்து நாள்களுக்குள், நம் மக்களவை உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அதை அனுப்பலாம். இந்தத் தொடரில் டிவிஷன் நடந்த மசோதாக்கள் எவை, ஒவ்வொன்றிலும் தாங்கள் எந்தப் பக்கம்? குரல் வாக்கெடுப்பில் முடிந்தவற்றில் தாங்கள் கொடுத்த குரல் எது? வெளிநடப்புச் செய்திருந்தால், எதிர்த்து வாக்களிக்காமல் வெளியேறியதன் காரணம் என்ன? தேர்தலின்போது எங்களிடம் சொன்னதற்கு மாறாக வாக்களிக்க நேர்ந்ததா, அது கொறடா உத்தரவாலா, தங்கள் சொந்த முடிவாலா? விடை வந்தால் நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். விடை வராவிட்டால், அனுப்பிய தேதியை எழுதி, நம் கடிதத்தையே அங்கே ஒட்டுவோம்.