கவச உடையைக் கழற்றும் நேரம்

வணக்கம் உறவுகளே. மாங்குளத்தில் என் வீட்டு முற்றத்திலிருந்து பேசுகிறேன். கொவிட் காலத்தில் வன்னியில் நோயாளரைப் பராமரித்தவர்களின் நலத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நானும் அப்போது ஒரு கொவிட் விடுதியில் தாதியாகக் கடமையாற்றினேன்.

2021 ஆகஸ்டில் டெல்டா திரிபு பரவி நாடு முடக்கப்பட்டிருந்தது. கவச உடையை அணிந்துவிட்டால் தண்ணீர் குடிக்கவோ மலசலகூடம் செல்லவோ முடியாது என்பதால், கடமைக்கு வருமுன்னரே தண்ணீரைக் குறைத்துவிடுவோம். ஆவணி வெக்கையில் வியர்வை வழிந்து சப்பாத்துக்குள் தேங்கும். ஆயினும் அந்த உடையை அணிவதைவிடக் கழற்றுவதே ஆபத்தானது. கையுறையின் வெளிப்புறமோ முகக்கவசத்தின் முன்புறமோ தோலில் படாமல், இடையிடையே கைகளைச் சுத்தம் செய்து, ஒழுங்கு தவறாமல் கழற்ற வேண்டும். அவ்வளவு கவனம் கோரும் வேலையை, உடலும் மனமும் சோர்ந்துபோன கடமை முடிவில்தான் செய்தோம். இரட்டைக் கடமை முடிந்த ஒரு காலையில் என் கை என்னையறியாமலே நெற்றியைத் துடைத்தது. நான்காம் நாள் எனக்குக் காய்ச்சல்.

தாதியரின் ஓய்வும் தொற்றுத் தடுப்பின் ஒரு பகுதியே என்பதை, எங்கள் கடமைப் பட்டியலைத் தயாரித்தவர்கள் உணரவில்லை. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 180,000 வரையான சுகாதாரப் பணியாளர்கள் கொவிட்டினால் இறந்திருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

வன்னியில் இன்னொரு சுமையும் இருந்தது. "2009ஐயே தாங்கினோம், இது என்ன பெரிது" என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அந்தச் சொல்லே களைப்பை வெளியே சொல்லவிடாமல் வாயை அடைத்தது. அந்த ஆண்டின் இறுதிப் போரில் புதுமாத்தளனில் தற்காலிக மருத்துவமனையில் காயப்பட்டவர்களைப் பராமரித்த அக்கா ஒருவர் எங்களுடன் இருந்தார். உறவினர் எவரும் அருகில் நிற்க முடியாமல் ஒரு முதியவர் இறந்த இரவில், அவருடைய மகளுக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னவர் இவர்தான். சொல்லிவிட்டு, மற்ற நோயாளிகளின் ஒட்சிசன் அளவைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் குணமாகித் திரும்பியபின், ஒருவர் உடை கழற்றும்போது இன்னொருவர் எட்ட நின்று ஒவ்வொரு படியையும் பார்த்துச் சொல்லும் வழக்கத்தை எங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்டோம். யாரிடமும் எதையும் கேட்டறியாத அந்த அக்கா, முதல்நாளே என்னை அழைத்தார்: "பிள்ளை, கொஞ்சம் பார்த்து நில். எனக்குக் கை நடுங்குது."