முள் மீன் பார்க்கும் பொருத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

பண்ணைக் குட்டையில் மீனுக்கு நோய் கண்டால் மருந்து போட ஆள் இருக்கிறது. ஏரியில் தானாகத் திரியும் மீனுக்கு அப்படி யாரும் இல்லை. பிறந்ததிலிருந்தே உடம்பில் புழுவும் பூச்சியுமாகத்தான் வாழ்கிறது. ஆனாலும் எல்லா மீனும் செத்துப் போவதில்லை. ஒரே தண்ணீரில் ஒரு மீனுக்குப் புழு நிறைய, பக்கத்து மீனுக்குக் கொஞ்சம்தான். ஏன் இந்த வித்தியாசம்?

இதைத் துருவிப் பார்க்க ஜெர்மனியின் வடக்கே பிளேன் என்ற ஊருக்குப் போக வேண்டும். சுற்றிலும் ஏரிகள். அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் மன்ஃபிரெட் மிலின்ஸ்கியும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் ஸ்டிக்கிள்பேக் என்ற பொடி மீனை ஆராய்ந்தார்கள். விரல் நீளம்கூட இருக்காது, முதுகில் மூன்று முள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் கழுத்தும் வயிறும் சிவந்துவிடும். அது பாசித் துணுக்குகளைச் சேர்த்து, தன் சிறுநீரகத்தில் சுரக்கும் பசையால் ஒட்டிக் கூடு கட்டும்.

இந்த மீனைப் படுத்தும் ஒட்டுண்ணிகளில் ஒன்று கண்ணுக்குள் போகும் தட்டைப்புழு. நத்தையிலிருந்து வெளிவந்து, மீனின் தோலைத் துளைத்து, கண்ணின் லென்ஸில் போய் உட்காரும். லென்ஸ் மங்கினால் மீனுக்குப் பார்வை குறையும், பறவையிடம் எளிதில் மாட்டும். பறவையின் குடலில்தான் அந்தப் புழு வளர்ந்து முட்டையிடும். என்ன கணக்கு பாருங்கள்!

இதைத் தடுக்க மீனிடம் இருப்பது எம்.எச்.சி. என்ற மரபணுக் குடும்பம். நமக்கும் அது உண்டு. உள்ளே புகுந்த கிருமியின் புரதத் துண்டுகளைப் பிடித்து, செல்லின் மேல்புறத்தில் நிறுத்தி, டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் மூலக்கூறுகளை உண்டாக்குவது இந்த மரபணுக்கள்தான். இந்த மரபணுக்களில் பல வகை உண்டு, ஒவ்வொரு வகையும் சில துண்டுகளைத்தான் பிடிக்கும். அப்படியானால் வகைகள் கூடக் கூட நல்லதுதானே? நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் 2003-இல் பிளேன் குழு வெளியிட்ட முடிவு வேறு. பல ஒட்டுண்ணிகளைத் தொற்ற விட்டுப் பார்த்தபோது, மிகக் குறைந்த வகைகள் உள்ள மீனுக்கும் புழு அதிகம், மிக அதிக வகைகள் உள்ள மீனுக்கும் அதிகம். நடுத்தரமாக வைத்திருந்த மீன்தான் தப்பித்தது.

காரணமாக அவர்கள் சொல்வது இது: சொந்த உடம்பையே தாக்கக்கூடிய டி செல்களை உடல் முன்கூட்டியே களைந்துவிடும். எம்.எச்.சி. வகை கூடினால் அந்தக் களையெடுப்பும் கூடும். கடைசியில் சண்டை போட ஆள் குறைந்துவிடும்.

சரி, அந்த நடுத்தர அளவு குஞ்சுக்கு எப்படி வாய்க்கிறது? தாய் மீன் பொருத்தம் பார்க்கிறது. நம் ஊரில் ஜாதகம், அங்கே வாசனை. ஆண் மீன் இருந்த தொட்டியின் நீரை மட்டும் ஓட விட்டால் போதும். தன்னிடம் வகை குறைவாக இருந்தால் அதிகமுள்ள ஆணின் நீர்ப் பக்கம் போகும், தன்னிடம் போதுமான அளவு இருந்தால் அதை நாடாது. 2005-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எம்.எச்.சி. பிடிக்கக்கூடிய புரதத் துண்டுகளைச் செயற்கையாகச் செய்து ஆணின் நீரில் கலந்தார்கள், வகை அதிகமுள்ள ஆணின் வாசனை போலத் தெரியட்டும் என்று. வகை குறைந்த பெண் அந்த நீரை நாடியது, போதுமான அளவு உள்ள பெண் ஒதுங்கியது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

அப்புறம், ஒரு மீனுக்கு நடுத்தரம் போதும் என்றாலும் கூட்டத்துக்கு அது போதாது. ஒரு புழுவுக்கு ஈடுகொடுக்கும் வகை இன்னொரு புழுவிடம் எடுபடாமல் போகலாம். மீன் கூட்டங்களை வெவ்வேறு உருளைப்புழுக்களுக்கு ஆட்படுத்திய 2012 சோதனையில், அந்தந்தப் புழுவைத் தாங்கும் வகைகள் ஒரே தலைமுறையில் பெருகின. இன்று பயனில்லாத வகையும் எங்கோ ஒரு மீனிடம் இருந்தால்தான் நாளை அது கை கொடுக்கும்.

விதிவிலக்கும் உண்டு. அட்லாண்டிக் காட் மீனின் மரபணுத் தொகுப்பை 2011-இல் நார்வே விஞ்ஞானிகள் வெளியிட்டபோது, எம்.எச்.சி.யின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றான இரண்டாம் வகுப்பே அதில் இல்லை! அதற்கு ஈடாக முதல் வகுப்பு மரபணுக்கள் ஏராளமாகப் பெருகியிருந்தன.

இப்போது சால்மனுக்கு வருவோம். ஆறுகளில் சால்மன் குறைந்தால் குஞ்சுப் பண்ணையில் முட்டையையும் விந்தையும் கையால் பிழிந்து கலந்து, குஞ்சு பொரித்து விடுகிறார்கள். எந்தப் பெண்ணுக்கு எந்த ஆண் என்பதைத் தீர்மானிப்பது வாளி பிடித்து நிற்பவர். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப் பிறந்த சால்மன்களை ஆற்றில் தானே இணை தேடிய சால்மன்களின் வாரிசுகளோடு ஒப்பிட்டது. அனிசாகிஸ் என்ற புழு தொற்றும் வாய்ப்பு பண்ணை வழி வந்தவற்றுக்கு ஏறக்குறைய 4 மடங்கு அதிகம். இத்தனைக்கும் இரு தரப்பிலும் எம்.எச்.சி. வகைகளின் பன்மை கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறுபட்டது, எந்த வகையோடு எந்த வகை சேர்ந்தது என்பது மட்டுமே.

அதனால்தான், இத்தனை லட்சம் குஞ்சு விட்டோம் என்ற அறிக்கையைப் பார்த்தால், பெற்றோர் மீன்களை எப்படி ஜோடி சேர்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அறிக்கையில் பெரும்பாலும் அந்தப் பத்தி இருப்பதில்லை.

நன்றி, வணக்கம்.